ரென்சலீர் யார்? நியூயார்க்கில் ஊரும் கல்லூரியும் சுமக்கும் ஒரு டச்சுக் குடும்பப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நியூயார்க் மாநிலத்தில் டிராய் நகரத்தில் குடியிருக்கிறேன். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் இங்கே மேல்படிப்புக்கு நம் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். மே மாதத்தில் பட்டமளிப்புக்கு அவர்களுடைய அப்பா அம்மா வருவார்கள். இரண்டு கூட்டமும் கேட்பது ஒரே கேள்விதான்: ரயில் நிலையத்தில் ரென்சலீர், கல்லூரியில் ரென்சலீர், மாவட்டப் பலகையில் ரென்சலீர், அது யார்? வாயால் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, இதை எப்படிச் சொல்றது? ரென்ஸ்ஸேலேயரா?

ரென்-ச-லீர். கடைசி அசையை நீட்டினால் போதும், இங்கே எல்லாருக்கும் புரியும். டச்சுக்காரர் எழுதிய எழுத்துக்கூட்டு அப்படியே நின்றுவிட்டது, உச்சரிப்பு மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. அதனால்தான் படித்துப் பார்த்தால் குழப்பம். இதே ஊர்ப்பக்கம் ஸ்கைலர் என்று ஒரு பெயர் அடிக்கடி வரும், அதுவும் இதே கதைதான்.

அது ஆள் பேரா, ஊர் பேரா?

இரண்டும். நெதர்லாந்தில் ஹெல்டர்லாந்து மாகாணத்தில் நைகெர்க் என்று ஓர் ஊர். அதன் அருகே இருந்த ஒரு பண்ணையின் பெயர்தான் ரென்சலீர். அங்கிருந்து வந்த குடும்பம் 'வான் ரென்சலீர்' ஆனது. 'வான்' என்றால் இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்று பொருள். நாம் செம்மங்குடி, அரியக்குடி என்று ஊரை முன்னால் போட்டு ஆளைச் சொல்கிறோம் அல்லவா, அந்த மாதிரி.

ஆக, ஒரு பண்ணையின் பெயர் குடும்பத்தின் மேல் ஏறி, கடல் தாண்டி, திரும்பவும் ஊர்களின் மேல் இறங்கியிருக்கிறது.

ரென்சலீர் ஸ்டேஷன்ல இறங்கினா காலேஜுக்கு நடந்து போயிடலாமா?

முடியாது. தயவுசெய்து பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஆல்பனி-ரென்சலீர் ரயில் நிலையம் இருப்பது ரென்சலீர் நகரத்தில், ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையில், ஆல்பனிக்கு நேர் எதிரே. ரென்சலீர் பாலிடெக்னிக் கல்லூரி இருப்பது டிராய் நகரத்தில், அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 8 மைல். இரண்டு நகரங்களும் ரென்சலீர் கவுண்டிக்குள் வருகின்றன. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அந்த மாவட்டத்துக்குத் தலைநகரம் டிராய்தான், ரென்சலீர் நகரம் அல்ல.

விடுதி பதிவு செய்யும்போது மாநிலத்தின் பெயரையும் பாருங்கள். இந்தியானா மாநிலத்திலும் ஒரு ரென்சலீர் இருக்கிறது. ஒரு பையனின் அப்பா பட்டமளிப்பு வாரத்துக்கு அங்கே அறை போட்டுவிட்டு, பணமும் திரும்பி வராமல், இரவு பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

மொத்தம் எத்தனை இடத்துக்கு இந்தப் பேர் இருக்கு?

எண்ணிச் சொல்வதைவிட வகை சொல்வது நல்லது. நேரடியாகப் பெயர் தாங்கியவை ரென்சலீர் கவுண்டி (1791இல் ஆல்பனி கவுண்டியிலிருந்து பிரிந்தது), ரென்சலீர் நகரம் (1897இல் உருவானது), ஆல்பனி கவுண்டியின் மலைப்பக்கத்தில் ரென்சலீர்வில், வடக்கே கனடா எல்லைப்பக்கம் ரென்சலீர் ஃபால்ஸ். ஸ்டீபன்டவுன் என்ற ஊர் இந்தக் குடும்பத்து ஸ்டீபனின் முதற்பெயரைத் தாங்கியது. வெஸ்டர்லோ என்ற ஊருக்கு அந்த ஸ்டீபனின் மாற்றுத் தந்தையான பாதிரியாரின் பெயர். தாய் மறுமணம் செய்துகொண்டவர் அவர்.

குடும்பப் பெயர் இல்லாமலே குடும்பத்தைச் சொல்லும் பெயர்களும் உண்டு. கொலோனி என்ற ஊர், பட்ரூன் தீவுப் பாலம், பட்ரூன் ஓடை எல்லாம் அந்த வகை. பட்ரூன் யார் என்பது கீழே வரும்.

தூரத்தில் இரண்டு. இந்தியானா ரென்சலீர், 1837 நிதி நெருக்கடியில் வியாபாரம் நொடித்து மேற்கே போன ஜேம்ஸ் வான் ரென்சலீர் என்பவர் குடியேறிய இடம். இன்னொன்று கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள ரென்சலீர் துறை. 1853இல் எலிஷா கென்ட் கேன் என்ற அமெரிக்கத் துருவப் பயணியின் கப்பல் அங்கே பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டது. அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி இந்தக் குடும்பத்துப் பெண்.

பல ஊர் பேர்ல 'கில்' 'கில்'னு வருதே, பயமா இருக்கு. சண்டை நடந்த இடமா?

இல்லை. டச்சில் 'கில்' என்றால் ஓடை. போஸ்டன்கில், நார்மன்ஸ்கில் எல்லாம் ஓடைகளின் பெயர்கள்தான். ரென்சலீர் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கிரீன்புஷ்ஷும் டச்சுதான், பைன் காடு என்று பொருள்.

இவங்க ராஜ வம்சமா?

வியாபாரிகள். கிலியன் வான் ரென்சலீர் ஆம்ஸ்டர்டாமில் வைரமும் முத்தும் விற்றவர், டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். ஹட்சன் ஆற்றங்கரையில் கம்பெனி வைத்திருந்த காலனியில் தோல் வியாபாரம் நடந்ததே தவிர, குடியேற ஆள் இல்லை. அதனால் 1629இல் கம்பெனி ஓர் ஏற்பாடு செய்தது. சொந்தச் செலவில் 4 ஆண்டுக்குள் 50 பேரைக் கொண்டுபோய்க் குடியேற்றுகிறவருக்கு ஆற்றோரமாகப் பெரிய நிலம், அந்த நிலத்தில் நீதி வழங்கும் உரிமை, பரம்பரைப் பாத்தியதை. அப்படி நிலம் பெற்றவருக்குப் பட்ரூன் என்று பெயர்.

பலர் முயன்றார்கள். நிலைத்து நின்றது கிலியனுடைய நிலம் ஒன்றுதான். அதற்கு ரென்சலீர்ஸ்வைக் என்று தன் பெயரையே வைத்தார். ஆனால் ஒரு நாளும் அவர் அமெரிக்காவில் கால் வைத்ததில்லை. 1643இல் இறக்கும்வரை ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்தபடி கடிதம் எழுதியே பண்ணையை நடத்தினார்.

வராத மனுஷனுக்கு நிலத்தை வித்தது யாரு?

அந்த மண்ணின் பழங்குடிகளான மோஹிகன் மக்கள். 1630இலிருந்து கிலியனின் ஆட்கள் அவர்களிடம் துண்டு துண்டாக வாங்கினார்கள். பத்திரம் எழுதினார்கள், பொருள் கொடுத்தார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் 'விற்பது' என்ற சொல் இரண்டு தரப்புக்கும் ஒன்றாக இருக்கவில்லை. நிலத்தைப் பகிர்ந்துகொள்ள இடம் கொடுக்கிறோம் என்று ஒரு பக்கம் நினைக்க, இனி இது என்றைக்கும் எங்களுடையது என்று மறுபக்கம் எழுதிக்கொண்டது. மோஹிகன் வழித்தோன்றல்கள் பல இடங்களுக்குத் தள்ளப்பட்டு, இன்று ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி சமூகமாக விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறார்கள். பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

டச்சுக்காரங்க தோத்த பிறகும் நிலம் இவங்க கையிலயே எப்படி இருந்தது?

1664இல் ஆங்கிலேயர் வந்து காலனியைப் பிடித்தார்கள். ஆனால் நில உரிமையில் கை வைக்கவில்லை. அந்தக் காலத்தில் பண்ணையைக் காப்பாற்றியவர்களில் நான் முதலில் சொல்வது மரியா வான் ரென்சலீரைத்தான். கிலியனின் மகன் ஜெரமியாஸின் மனைவி. 1674இல் கணவர் இறந்தபோது கையில் ஆறு பிள்ளைகள். கால் சரியாக நடக்க வராத உடம்போடு கணக்கு, குத்தகை, ஹாலந்தில் இருந்த பங்காளிகளோடு கடிதப் போராட்டம் எல்லாவற்றையும் அவரே பார்த்தார். அவருடைய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன.

1685இல் ஆங்கில ஆளுநர் பட்டயம் கொடுத்ததும் டச்சுப் பண்ணை ஆங்கில 'மேனர்', அதாவது பிரபுப் பண்ணை, ஆனது. ஆற்றோரமாக 24 மைல், கிழக்கு மேற்காக 48 மைல் என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. ஏக்கரில் 7 லட்சத்துக்கு மேல். மரியா பெயரில் ஓர் ஊர் கிடையாது.

அப்போ பட்ரூன்னா நம்ம ஜமீன்தார்தானா?

நெருக்கமான சொல் அதுதான், ஆனால் முழுப் பொருத்தம் இல்லை. ஜமீன்தார் அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டியவர். இங்கே அப்படி ஒரு பெரிய கடப்பாடு பட்ரூனுக்கு இல்லை. குடியானவர் பக்கம் பார்த்தால் ஒற்றுமை தெரியும்.

குத்தகைச் சீட்டு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். முதல் 7 ஆண்டு வாடகை இல்லை. காட்டை வெட்டித் திருத்து, வீடு கட்டு, கொட்டகை போடு. அதற்குப் பிறகு 100 ஏக்கருக்கு ஆண்டுக்கு 10 முதல் 14 பூஷல் கோதுமை (ஒரு பூஷல் ஏறக்குறைய 27 கிலோ), நான்கு கொழுத்த கோழி, வண்டி மாட்டோடு அல்லது குதிரையோடு ஒரு நாள் வேலை. எத்தனை காலத்துக்கு? என்றென்றைக்கும். பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் காலத்துக்கும். நிலவரி கட்டுவது குடியானவன். சுரங்கம், ஆலை ஓட்டும் நீரோட்டம் எல்லாம் பட்ரூனுக்கு.

இதில் மிகவும் கொடுமை 'கால்பங்கு விற்பனை'. குடியானவன் தான் திருத்திய நிலத்தை இன்னொருவனுக்குக் கைமாற்றினால், விலையில் நாலில் ஒரு பங்கை பட்ரூனிடம் கொடுக்க வேண்டும். அவன் கட்டிய வீடும் நட்ட மரமும் சேர்த்துத்தான் அந்த விலை.

காலேஜ் ஆரம்பிச்சவர் நல்ல மனுஷன்னு சொல்றாங்களே?

ஸ்டீபன் வான் ரென்சலீர் மூன்றாமவர் (1764–1839). அவரை 'நல்ல பட்ரூன்' என்றுதான் சொன்னார்கள். ஐந்து வயதில் தந்தை இறந்து பண்ணைக்கு வாரிசானவர். துணை ஆளுநர், காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினர், ஹட்சன் ஆற்றை மேற்கே ஈரி ஏரியோடு இணைத்த ஈரி கால்வாயின் ஆணையர். பிரிட்டனோடு நடந்த 1812 போரில், கனடாவில் உள்ள குவீன்ஸ்டன் ஹைட்ஸில் படை நடத்தித் தோற்றார். மனைவி பெக்கி, ஸ்கைலர் வீட்டுப் பெண், அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் கொழுந்தி.

1824இல் டிராயில் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கல்லூரி. விவசாயிகளுடைய, கைவினைஞர்களுடைய பிள்ளைகளுக்கு அறிவியலை அன்றாட வேலைக்குப் பயன்படும்படி சொல்லித்தர வேண்டும் என்பது நோக்கம். ஆண் பிள்ளைகள் மட்டும் என்றில்லாமல் பெண் பிள்ளைகளையும் அதில் சேர்த்தே எழுதினார். பாடத்தை வகுத்தவர் ஏமஸ் ஈட்டன். மோசடிக் குற்றச்சாட்டில் சிறை சென்று, பிறகு மன்னிப்புப் பெற்று, தாவரவியலும் நிலவியலும் ஊர் ஊராகச் சொல்லித்தந்தவர். மாணவனே சோதனை செய்ய வேண்டும், மாணவனே நின்று விளக்க வேண்டும் என்பது அவர் முறை. புரூக்ளின் பாலத்தைக் கட்டி முடித்த வாஷிங்டன் ரோப்ளிங் இங்கே படித்தவர். நம் ஊர்த் திருவிழாவில் சுற்றுகிற ராட்சத ராட்டினத்தை 1893 சிகாகோ கண்காட்சியில் முதலில் நிறுத்திய ஃபெரிஸும் இங்கேதான் படித்தார்.

பண்ணையில் குத்தகை பாக்கி வைத்தவர்களை இவர் நெருக்கவில்லை. அதைத்தான் 'நல்ல' என்றார்கள். ஆனால் மேலே சொன்ன சீட்டை எழுதி ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கியவரும் இவர்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் முழுதாகத் தெரிவார்.

உலகத்துலேயே பழைய இன்ஜினியரிங் காலேஜ் இதுதான்னு சொல்றாங்க. அப்போ கிண்டி?

கிண்டி பழைய மாணவர் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி! கிண்டி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது, ரென்சலீருக்கு 30 ஆண்டு மூத்தது. ரென்சலீர் சொல்லிக்கொள்வது ஆங்கிலம் பேசும் நாடுகளில் மிகப் பழைய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்பது. 1835இல் சிவில் இன்ஜினியரிங் பட்டம் கொடுத்தது. எதிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. சண்டை வேண்டாம்.

இப்ப அந்த ஏழு லட்சம் ஏக்கர் யார்கிட்ட இருக்கு?

குடும்பத்திடம் இல்லை. எப்படிப் போனது என்பதுதான் இந்த வட்டாரத்தின் பெரிய கதை. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

1839 ஜனவரியில் 'நல்ல பட்ரூன்' இறந்தார். உயிலைப் பிரித்தால், தன் கடனை அடைக்கக் குடியானவர்களிடம் பாக்கியை வசூல் செய்யச் சொல்லியிருந்தார். சேர்ந்திருந்த பாக்கி ஏறக்குறைய 4 லட்சம் டாலர். ஆற்றுக்கு மேற்கே மகன் ஸ்டீபன், கிழக்கே மகன் வில்லியம், இருவரும் வசூலுக்கு இறங்கினார்கள். ஹெல்டர்பர்க் மலைப்பக்கத்து மண்ணில் கோதுமை சரியாக விளையாமல் போயிருந்த நேரம் அது. போதாததற்கு, பட்ரூன் தானே ஆணையராக இருந்து வெட்டிய கால்வாய் வழியாக மேற்கத்தியக் கோதுமை மலிவாக வந்து குவிந்தது. வாடகையோ கோதுமைக் கணக்கில்.

1839 ஜூலை 4 அன்று, நாட்டின் சுதந்திர நாளில், பெர்ன் என்ற மலைக் கிராமத்தில் குடியானவர்கள் கூடி, இனி கொடுக்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். ஷெரிஃப் (கவுண்டியின் காவல் அதிகாரி) வாரண்டோடு மலை ஏறினால், முதல் வீட்டில் தகரக் கொம்பு ஊதும். வயலில் இருப்பவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வைத்திருந்த கொம்பு அது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று மலை முழுக்கக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஆட்டுத்தோல் முகமூடியும், பூப்போட்ட கேலிகோ அங்கியும் போட்ட ஆட்கள் வழியில் நிற்பார்கள். கேலிகோ என்றால் கோழிக்கோட்டின் பெயரால் வந்த பருத்தித் துணி. நம் கடற்கரைத் துணியின் பெயர் இந்தப் போராட்டத்துக்குள் வந்துவிட்டதை முதலில் படித்த அன்று நான் இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

சில ஆண்டுகள் இழுபறி. ஆட்கள் சிறைக்குப் போனார்கள். தலைவர்களில் ஒருவரான டாக்டர் ஸ்மித் பௌட்டன் 'பெரிய இடி' என்ற மறைபெயரில் பேசியவர், அவருக்கு ஆயுள் தண்டனையே விழுந்தது, பிறகு ஆளுநர் மன்னித்தார். 1846இல் மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம் விவசாய நிலக் குத்தகை 12 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது என்றது. 1852இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கால்பங்கு விற்பனை செல்லாது என்றது. பழைய சீட்டுகள் உடனே ஒழியவில்லை. ஆனால் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தீர்த்தது.

ரூஸ்வெல்ட், ஸ்டைவெசன்ட், வான் கோர்ட்லண்ட் எல்லாரும் இதே குடும்பமா?

ஒரே குடும்பம் இல்லை. ஆனால் சம்பந்திகள். மேலே சொன்ன மரியா பிறந்த வீடு வான் கோர்ட்லண்ட், பெக்கி பிறந்த வீடு ஸ்கைலர். நிலம் கைவிட்டுப் போகாமல் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நமக்குப் புதிதல்ல. பிராங்க்ஸில் வான் கோர்ட்லண்ட் பூங்கா, மாநிலத்தின் நடுவே கோர்ட்லண்ட் கவுண்டி, ஸ்கைலர் கவுண்டி, ஸ்கைலர்வில், மன்ஹாட்டனில் ஸ்டைவெசன்ட் டவுன். வான் கோர்ட்லண்ட், ஸ்கைலர், ஸ்டைவெசன்ட் மூன்றும் அந்தப் பழைய டச்சு வீடுகள். ரூஸ்வெல்ட்டும் டச்சு வம்சம்தான், ஆனால் அந்தப் பெயர் ஊர்களில் பரவியது பிற்காலத்து இரண்டு ஜனாதிபதிகளால்.

அடிமைகள் வெச்சிருந்தாங்களாமே. பேரை மாத்த வேண்டாமா?

வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1827 ஜூலை 4 அன்று. அதுவரை இந்தப் பெரிய வீடுகளின் சமையலறையும் தொழுவமும் அடிமைகளின் உழைப்பில்தான் நடந்தன. ஆல்பனி நகரமன்றத்தின் முன்னால் நின்ற, பெக்கியின் அப்பா பிலிப் ஸ்கைலரின் சிலையை 2023இல் இதனால்தான் எடுத்தார்கள். சிலையை எடுக்கலாம். மாவட்டம், நகரம், பட்டச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒட்டிய பெயரைப் பிரிப்பது லேசில்லை.

என் கருத்தைக் கேட்டால், எடுப்பதைவிட அவசரமான வேலை பக்கத்தில் எழுதுவது. ஸ்டீபனின் மாளிகையில் அடிமையாக இருந்தவர் ஆடம் பிளேக். அவர் மகன், அதே பெயர் கொண்டவர், 1880இல் ஆல்பனியில் கென்மோர் ஹோட்டலைத் திறந்து ஊரே மதிக்கும் ஆளானார். கட்டடம் நார்த் பேர்ல் தெருவில் இன்றும் நிற்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளை ஆல்பனிக்குக் கூட்டிப்போனால் முதலில் நான் காட்டுவது அதைத்தான்.

எங்களுக்கு ஒரே நாள்தான் இருக்கு. எதைப் பார்க்கலாம்?

பட்ரூனின் மாளிகையைத் தேடாதீர்கள், இடித்தாகிவிட்டது. அதன் பெரிய கூடம் மட்டும், லண்டனில் கையால் வரைந்து வரவழைத்த சுவர்த்தாளோடு, நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்ன ஜன்னல்களும் பெரிய மேல்கூரையும் உள்ள பழைய வீடு பார்க்க வேண்டுமென்றால், ரென்சலீர் நகரத்தில் கிரைலோ. செங்கல் சுவரில் துப்பாக்கி நீட்ட விட்ட துளைகளைப் பிள்ளைகள் விரல் விட்டுப் பார்ப்பார்கள். கிலியன் ஹாலந்தில் வைத்திருந்த பண்ணையின் பெயர்தான் இதற்கும்.

மதியத்துக்கு மேல் தெற்கே கொஞ்ச தூரம் போனால் பாப்ஸ்கனி. 1637இல் கிலியனுக்காக வாங்கிய ஆற்றங்கரை நிலம். ஒரு மோஹிகன் தலைவரின் பெயர் அது, பட்ரூன் காலம் முழுக்க மாறாமல் நின்றது. 2021இல் அங்கே 150 ஏக்கருக்கு மேல் ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சி சமூகத்துக்கே திரும்பப் போனது. நடைபாதை இருக்கிறது, மழை பெய்திருந்தால் சேறாக இருக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.